வெள்ளி கொண்டுவந்த காற்று

ரோம எழுத்தாளர் பிளினி முதலாம் நூற்றாண்டில் எழுதிவைத்த ஒரு செய்திதான் என்னைச் சபரகமுவ மலைகளுக்கு இழுத்துச் சென்றது. செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்தவன் அன்னியஸ் பிளோகமஸ். அவனிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவன் அரேபியக் கரையோரம் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது காற்றில் அகப்பட்டு, பதினைந்தாம் நாள் இலங்கையின் ஹிப்புரோஸ் துறையில் வந்து சேர்ந்தான். அரசன் அவனை ஆறு மாதம் வைத்து உபசரித்தான். அவன் மடியிலிருந்த வெள்ளிக் காசுகள் அரசனை வியக்கவைத்தன. காசுகளில் இருந்த முகங்கள் வேறு வேறு. எடை மட்டும் ஒன்று. ஆளுகிறவர் மாறினாலும் நிறை மாறாத நாடு என்று மதித்த அரசன், ராக்கியஸ் என்பவரின் தலைமையில் நான்கு தூதர்களைக் கிளாடியஸ் பேரரசரிடம் அனுப்பினான். ரோமப் பெருமைக்காகப் பிளினி இதற்குக் கொஞ்சம் மெருகு பூசியிருக்கலாம். ஆனால் பிளோகமஸ் கற்பனை ஆள் அல்ல. எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில், நைல் நதியிலிருந்து பெரெனிகே துறைமுகத்துக்குப் போகும் வணிகப் பாதையில், அவனுடைய அடிமை லைசாஸ் கி.பி. 6-இல் தன் பெயரைப் பாறையில் வெட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

அரசன் எடை பார்த்த வெள்ளியை யார் எங்கே தோண்டினார்கள்? அதற்கு ஈடாக இந்தத் தீவின் மண் எதைக் கொடுத்தது? இந்த இரண்டு கேள்விகளோடு கேகாலையில் தொடங்கினேன்.

கேகாலை மாவட்டத்துக்குள் நுழைந்ததுமே இறப்பர் மரங்கள் பாதையின் இரு பக்கமும் வரிசை கட்டி நிற்கின்றன. விடியற்காலையில் பால் வெட்டப் போன பெண்கள் ஒன்பது பத்து மணிக்குள் வாளியோடு இறங்கி வந்துவிடுகிறார்கள். சரிவுகளில் லயங்கள், ஒரு மாரியம்மன் கோயில், அதன் முன்னே கொடிக்கம்பம். இந்த மண்ணுக்கடியில்தான் உலகின் மிகத் தூய காரீயம் நரம்பு நரம்பாக ஓடுகிறது. பாறைப் பிளவுகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் தூய்மையோடு படிந்து கிடக்கும் இந்த வகையை வணிக அளவில் தோண்டி எடுப்பது இலங்கையில் மட்டும்தான். கேகாலை மாவட்டத்தின் போகல சுரங்கம் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் ஆழம் வரை இறங்குகிறது. வெளியே வரும் தொழிலாளிகளின் முகமும் கழுத்தும் கருப்பாக மினுங்குகின்றன. துடைத்தால் போகாது, சவர்க்காரம் போட்டுத் தேய்க்க வேண்டும்.

பென்சில் முனையாகத்தான் நம்மில் பலருக்குக் காரீயத்தைத் தெரியும். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைக் காரீயத்தை உலகம் தேடி வந்தது மூசைக்காக. பொன்னையும் வெள்ளியையும் எஃகையும் உருக்கும் பாத்திரத்துக்கு மூசை என்று பெயர். களிமண்ணோடு காரீயம் சேர்த்துச் செய்த மூசை கடும் வெப்பத்திலும் விரிசல் விடாது. இலண்டனிலும் நியூ ஜெர்சியிலும் இருந்த மூசைத் தொழிற்சாலைகளுக்கு இங்கிருந்து பீப்பாய் பீப்பாயாகக் காரீயம் கப்பலேறியது. முதல் உலகப் போர் நடந்தபோது ஏற்றுமதி உச்சத்தைத் தொட்டது. போர் முடிந்ததும் சரிந்தது. இந்த மாவட்டத்தில் வெள்ளித் தாது கிடையாது. ஆனால் வெள்ளியை உருக்க உலகத்துக்கு வேண்டியிருந்தது இங்கே கிடைத்தது. வடக்கே, எல்லை தாண்டிக் குருநாகல் மாவட்டத்தில், ரிதிகம என்ற இடத்துக் குகையொன்றில் துட்டகைமுனு அரசன் காலத்தில் வெள்ளி வெளிப்பட்டதாகவும், அது ருவன்வெலிசாய தூபிப் பணிக்குப் பயன்பட்டதாகவும் மகாவம்சம் கூறுகிறது. அங்கே இன்றும் ரிதி விகாரை இருக்கிறது.

அவிசாவளை வழியாக இரத்தினபுரியை நெருங்கும்போது நிலம் நிறம் மாறுகிறது. வயல்களின் நடுவே ஓலைக் கூரைகள். ஒவ்வொரு கூரையின் கீழும் ஒரு சதுரக் குழி. மாணிக்கக் குழிக்குள் எட்டிப் பார்த்தால் சுவர்கள் சரியாமல் இருக்க மரச்சட்டங்களை அடுக்கி, இடைவெளிகளில் காட்டுப் பன்னச் செடியைத் திணித்திருப்பது தெரியும். ஊறும் தண்ணீரை ஒரு பம்ப் ஓயாமல் வெளியே கொட்டுகிறது. வேலை தொடங்குமுன் பைரவருக்கு விளக்கு வைக்கிறார்கள். நிலத்தடிச் செல்வத்துக்குக் காவல் அவர்தான் என்பது நம்பிக்கை. ஆற்றங்கரைத் தோட்டங்களில் வேலை இல்லாத நாள்களில் நம் ஆட்களும் குழிக்கு வருகிறார்கள். குழியில் நாள் கூலி கிடையாது. காணிக்காரருக்கு இவ்வளவு, உரிமப் பத்திரம் வைத்திருப்பவருக்கு இவ்வளவு, பம்ப் போட்டவருக்கு இவ்வளவு என்று போக, மிஞ்சியது இறங்கி வெட்டியவர்களுக்கு. “கல்லு கெடச்சா பங்கு, கெடைக்காட்டி சோறு மட்டுந்தாங்க” என்றார் இடுப்பளவு சேற்றில் நின்ற ஒருவர்.

மாணிக்கம் பாறையிலிருந்து உடைத்து எடுக்கப்படுவதில்லை. பல யுகங்களுக்கு முன்னே மலைகளிலிருந்து ஆறுகள் அடித்துவந்து புதைத்த சரளைப் படிவம்தான் இல்லம. நீலமும் பத்மராகமும் வைடூரியமும் அதற்குள்ளே கலந்து கிடக்கின்றன. அந்தச் சரளையை அகன்ற கூம்புக் கூடையில் அள்ளி, தண்ணீருக்குள் அமிழ்த்திச் சுழற்றுகிறார்கள். மண்ணும் இலேசான கல்லும் விளிம்பால் வழிந்து போகின்றன. கனமானவை அடியில் தங்குகின்றன. கடைசியில் கூடையைச் சூரியனுக்கு எதிரே சாய்த்துப் பிடித்து, அனுபவமுள்ள ஒருவர் விரலால் கிளறிப் பார்க்கிறார். அந்த ஒரு நிமிடம் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

கிரேக்க நாட்டில் ஏதென்ஸுக்குத் தெற்கே லாரியனிலும் இதே தத்துவத்தில்தான் வெள்ளி எடுத்தார்கள். அங்கே வெள்ளி தனியாகக் கிடைக்கவில்லை. ஈயத் தாதுக்குள் ஒளிந்திருந்தது. தாதுவை நொறுக்கிச் சாய்வான கல் மேடைகளில் பரப்பித் தண்ணீரை ஓடவிட்டார்கள். இலேசானது ஓட, கனமான ஈயத் தாது தங்கியது. மழை குறைந்த அந்த மலையில் நீரைத் தொட்டிகளில் சேமித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். தங்கியதை உருக்கி ஈயமாக்கி, அந்த ஈயத்தை மறுபடியும் காற்றோட்டத்தில் காய்ச்சினால் ஈயம் துருவாகிப் பிரிந்துபோகும். அடியில் ஒரு வெள்ளிக் குண்டுமணி நிற்கும். கி.மு. 483-இல் லாரியனில் வளமான புதிய படிவம் ஒன்று வெளிப்பட்டது. அந்த வெள்ளியை மக்களுக்குப் பங்கு வைப்பதா, கப்பல் கட்டுவதா என்று ஏதென்ஸ் விவாதித்தது. கப்பல் என்றார் தெமிஸ்டோக்ளிஸ். மூன்று ஆண்டுகளில் அந்தக் கப்பல்கள் சலாமிஸ் கடலில் பாரசீகப் படையைத் தோற்கடித்தன. தோண்டியவர்கள் அடிமைகள். நிசியாஸ் என்ற பிரமுகர் ஆயிரம் அடிமைகளைத் தலைக்கு நாளொன்றுக்கு ஓர் ஓபோல் வீதம் சுரங்கத்துக்கு வாடகைக்கு விட்டிருந்ததைக் கிரேக்க எழுத்தாளர் செனபன் எழுதியிருக்கிறார்.

ரோமின் முறை வந்தபோது வெள்ளியின் மையம் ஸ்பெயினுக்கு நகர்ந்தது. அங்கே ரியோ திந்தோ ஆற்றங்கரையில் பினீசியர்கள் முன்பே வெள்ளி வாங்கிக்கொண்டிருந்தார்கள். புதிய கார்த்தேஜ் நகரத்தருகே சுரங்கங்களில் 40,000 பேர் உழைத்ததாகவும், ரோம மக்களுக்கு நாளொன்றுக்கு 25,000 திராக்மா வருமானம் வந்ததாகவும் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் கணக்குச் சொன்னார். வேலை நடந்த அளவுக்கு இன்னொரு சாட்சி கிரீன்லாந்தில் இருக்கிறது. வெள்ளி உலைகளிலிருந்து எழுந்த ஈயப் புகை காற்றில் மிதந்து வடக்கே போய்ப் பனியோடு படிந்திருக்கிறது. அந்தப் பனிக்கட்டியைத் துளைத்து அடுக்கடுக்காக அளந்தவர்கள், ரோம் செழித்த காலத்தில் ஈயம் கூடுவதையும் இரண்டாம் நூற்றாண்டின் பெருங்கொள்ளை நோய்க்குப் பிறகு வீழ்வதையும் 2018-இல் ஆண்டுக் கணக்கோடு வெளியிட்டார்கள். ஒரு தெனாரியஸ் காசு ஏறக்குறைய 3.9 கிராம். அதற்குள்ளே இருந்தது ஸ்பெயின் சுரங்கத்தில் மூச்சுத் திணறியவர்களின் உழைப்பு. அந்தக் காசைத்தான் நம் அரசன் கையில் வைத்து எடை பார்த்தான்.

தாலமி தன் புவியியல் நூலில் இந்தத் தீவின் பொருள்களை வரிசைப்படுத்தும்போது அரிசி, தேன், இஞ்சி, மணிக்கற்கள், பலவகை உலோகங்கள் என்கிறார். ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்பவர் எழுதிய நூலில், இலங்கைக் கோயிலொன்றின் உச்சியில் பைன் மரக்காய் அளவு சிவப்புக் கல் வெயிலில் ஒளிர்ந்ததாக ஒரு செய்தி உண்டு. அதே நூலில் இன்னொரு நாணயக் கதையும் வருகிறது. யாருடைய அரசர் பெரியவர் என்று ரோம வணிகன் சொபாத்ரோஸும் ஒரு பாரசீகனும் இலங்கை அரசன் முன்னால் வாதிட்டபோது, ரோமத் தங்கக் காசையும் பாரசீக வெள்ளிக் காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரசன் தீர்ப்புச் சொன்னானாம். ஐந்நூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு கதை. இரண்டிலும் நம் அரசர்கள் காசை உரசிப் பார்க்கத் தெரிந்தவர்களாகவே வருகிறார்கள். விலைமதிப்பற்ற கல்லைக் கையில் வைத்திருப்பவனுக்கு அந்தக் கண் இருந்தே தீரும். இரத்தினபுரிக் கடைத்தெருவில் மடித்த வெள்ளைக் காகிதத்துக்குள் கற்களை வைத்துக்கொண்டு நிற்கும் வியாபாரிகளை ஒரு மணி நேரம் பார்த்தால் போதும், காஸ்மாஸை நம்பலாம்.

இருந்தும் ஒரு வேறுபாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். அகஸ்டஸ், திபேரியஸ் காலத்துத் தெனாரியஸ் காசுகள் கொங்கு நாட்டில் பானை பானையாகக் கிடைத்திருக்கின்றன. படியூர் மணிக்கற்களும் கொடுமணல் பட்டறைகளும் மேற்குக் கரைக்குப் போகும் பாலக்காட்டுக் கணவாயும் அங்கே இருந்ததுதான் காரணம். கி.பி. 64-இல் நீரோ காசின் எடையையும் வெள்ளி அளவையும் குறைத்தபின், தமிழ்நாட்டுக்கு வந்த வெள்ளிக் காசுகள் மிகவும் குறைந்துவிட்டன. நிறை குறைந்த காசை நம் வணிகர்கள் ஏற்கவில்லை. இலங்கையிலோ முதலாம் நூற்றாண்டுத் தெனாரியஸ் அபூர்வம். இங்கே குவியலாகக் கிடைப்பவை நான்காம், ஐந்தாம் நூற்றாண்டு ரோமச் செப்புக் காசுகள். தொடக்கத்தில் தீவின் கல்லும் முத்தும் பெரும்பாலும் தென்னிந்தியத் துறைமுகங்கள் வழியாகவே மேற்கே போயின என்பது என் முடிவு. வெள்ளி அங்கே நின்றது. கல் இங்கிருந்து போனது.

பெல்மதுளை தாண்டினால் ஏற்றம். பலாங்கொடையில் இறப்பர் பின்தங்கித் தேயிலை முன்னால் வருகிறது. ஒரு தோட்டத்து லயத்தில், கவ்வாத்து வெட்டுகிற பெரியவர் தன் கத்தியைக் காட்டினார். கைப்பிடி பலமுறை மாற்றியது. அலகு அவருடைய அப்பா காலத்தது. “இந்த இரும்பு இப்ப வராது தம்பி. தீட்டுனா ஒரு மலை முழுக்க வெட்டலாம்” என்றார். அவருடைய மனைவி ஒரு தகரப் பெட்டிக்குள்ளிருந்து அஞ்சறை மடிப்புத் துணியை அவிழ்த்து ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்றை எடுத்தார். மாமியார் கொடுத்தது, விற்கமாட்டார். அந்த ரூபாய்களில் ஓடிய வெள்ளிக்கும் ஒரு கடல் கதை இருக்கிறது. 1918-இல் இந்தியாவில் ரூபாய்க்கு வெள்ளித் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, அமெரிக்கா பிட்மன் சட்டத்தின் கீழ் சுமார் 26 கோடி வெள்ளி டாலர்களை உருக்கிப் பிரிட்டனுக்கு விற்றது. நெவாடாவின் வெள்ளி பம்பாயில் அரசர் தலை பெற்று, பலாங்கொடை லயத்துத் துணி முடிச்சுக்குள் வந்து சேர்ந்திருக்கலாம். இந்தக் குடும்பங்களின் முன்னோர் இங்கே வந்தபோது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட உலோகம் வேறு: எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று எண் அடித்த தகர வில்லை. அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டுதான் ஏறிவந்தார்கள்.

பெரியவரின் கத்தி என்னை ஆனந்த குமாரசுவாமியிடம் கொண்டுபோனது. கலை வரலாற்றாசிரியராக உலகம் அறிந்த அவர், அதற்கு முன் 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வின் இயக்குநர். கொழும்பில் 1877-இல் பிறந்தவர். தந்தை சேர் முத்து குமாரசுவாமி. தாதுக் கல்லைத் தேடி மலை மலையாக அலைந்தபோது, பலாங்கொடைப் பக்கத்தில் இரும்பு உருக்குவதிலும் எஃகு காய்ச்சுவதிலும் கடைசித் தலைமுறையாக மிஞ்சியிருந்த சில முதியவர்களைக் கண்டார். அவர்களைத் திரும்பவும் உலை மூட்டச் சொல்லி, படிப்படியாகக் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பு 1908-இல் வெளிவந்த அவருடைய நடுக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இருக்கிறது. களிமண் மூசைக்குள் இரும்புத் துண்டும் கொஞ்சம் மரத்துண்டும் வைத்து, வாயை அடைத்துக் கரித்தீயில் வைப்பார்கள். மரம் கரியாகி இரும்புக்குள் ஏறும். வெந்ததா என்று அறிய மூசையை எடுத்துக் குலுக்குவார்கள். உள்ளே தளும்பினால் பதம். ஆறியபின் மூசையை உடைத்தால் எஃகுக் கட்டி. சேலம் பக்கத்தில் ஆவாரங்குச்சி போட்டுக் காய்ச்சிய எஃகும் இதற்கு உறவுதான். மலிவான ஐரோப்பிய இரும்பு வந்து இறங்கியதும் இரு கரையிலும் உலைகள் அணைந்தன. குமாரசுவாமி அன்று எழுதிவைக்காவிட்டால் இந்தச் செய்முறை அந்த முதியவர்களோடு போயிருக்கும். எஃகைப் பற்றி அவர் எழுதியதற்கு நாம் அவருக்கு இன்னும் போதிய நன்றி சொல்லவில்லை.

இம்புல்பே பக்கம் இறங்கிச் சமனலவெவ நீர்த்தேக்கத்தை அடைந்தபோது காற்று கதவைத் திறக்க விடவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று இரத்தினபுரிச் சரிவுகளிலும் சிவனொளிபாதமலையிலும் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வடிந்து வறண்ட வேகத்தோடு இந்த விளிம்பைத் தாண்டுகிறது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை புல் எல்லாம் கிழக்கு நோக்கிப் படுத்தே கிடக்கும்.

வளவை கங்கையை மறித்து இங்கே அணை கட்டத் திட்டமிட்டபோது, மூழ்கப்போகும் நிலத்தை ஆராயும் பணி 1988-இல் தொடங்கியது. அதில் ஈடுபட்ட பிரித்தானியத் தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப், மலைத்தோள்களில் ஏராளமான இரும்புக் கசடுக் குவியல்களைக் கண்டார். உலை என்றால் பள்ளத்தில், காற்றுக்கு மறைவாக, துருத்தி வைத்து ஊதும்படி இருக்க வேண்டும் என்பது அறிஞர்களின் வழக்கமான எண்ணம். இங்கே உலைகள் மேற்கு நோக்கி, நேராகக் காற்றின் முகத்தில் இருந்தன. அப்படிப்பட்ட உலைக்களங்கள் 77. காலம் பெரும்பாலும் கி.பி. 7 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை.

இயற்கைக் காற்றை நம்பித் தரமான இரும்பு எடுக்க முடியாது என்றே பலர் நினைத்திருந்தார்கள். 1994-இல் ஜூலெஃப் குழுவினர் அகழ்வில் கிடைத்த அளவுகளின்படி அதே மலையில் உலை கட்டிப் பற்றவைத்தார்கள். பின்சுவர் வளைந்தது, நிலையானது. முன்சுவர் களிமண்ணால் நேராக எழுப்பியது. அடியில் வரிசையாக மண்குழாய்கள். இரும்பு எடுக்க முன்சுவரை உடைத்து, அடுத்த முறைக்குப் புதிதாகக் கட்டவேண்டும். காற்று குழாய்க்குள் வெறுமனே புகுந்து ஊதவில்லை. முன்சுவரின் உச்சி விளிம்பைத் தாண்டி அது பாயும்போது, விளிம்புக்கு உடனே பின்னால் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு அடிக்குழாய்கள் வழியாகக் காற்றை உள்ளிழுத்துக்கொண்டே இருக்கிறது. வெளியே காற்று துள்ளித் துள்ளி அடித்தாலும் உள்ளே தீ நிதானமாக எரிகிறது. துருத்தி மிதிக்க ஆள் வேண்டாம். கிடைத்தது வெறும் இரும்பு மட்டுமல்ல, அதில் ஒரு பங்கு கரிமம் மிகுந்த எஃகு. 1996 ஜனவரியில் நேச்சர் இதழில் இந்த முடிவு வெளிவந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்-கிந்தி, வாள்களைப் பற்றி எழுதிய நூலில் சரந்தீப் (இலங்கை) எஃகைக் குறிப்பிட்டிருந்ததற்கு இந்த மலைகள் விளக்கமாயின.

இந்த மேற்குக் காற்றைப் பற்றித்தான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். செங்கடலிலிருந்து புறப்பட்ட கப்பல்களின் பாயை நிரப்பி, வெள்ளியையும் திராட்சை மதுவையும் நம் கரைகளுக்குக் கொண்டுவந்தது இதே பருவக்காற்று. கடலில் அது வணிகத்தை நடத்தியது. மலையில் உலையை ஊதியது. ரோமக் காலத்துக் கப்பல்களுக்கும் இந்த 77 களங்களுக்கும் இடையே சில நூற்றாண்டுகள் உண்டு. அவற்றை ஒன்றாகக் கட்டுவது தவறு. ஆனால் இரும்பு கடலேறிய கதை பழையதுதான். வளவை கங்கை அணையைத் தாண்டித் தெற்கே ஓடி அம்பலாந்தோட்டை அருகே கடலில் சேர்கிறது. அந்த முகத்துவாரத்துக்குச் சற்றுக் கிழக்கே கொடவாய. அங்கே கஜபாகு அரசன் துறைமுகச் சுங்க வருவாயை விகாரைக்கு எழுதிவைத்த கல்வெட்டு இருக்கிறது. அதற்கு நேரே கடலுக்கடியில், முப்பது மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், கிறிஸ்து பிறப்பை ஒட்டிய காலத்துக் கப்பல் ஒன்று கிடக்கிறது. சங்கு எடுக்கப் போன உள்ளூர் முக்குளிப்பவர்கள் கண்டது அது. அதன் சரக்கில் கண்ணாடிக் கட்டிகளும் இரும்பும் இருந்தன. இந்துமாக் கடலில் இதுவரை கண்டெடுத்த கப்பல்களில் மிகப் பழையது அது.

அணை 1992-இல் இயங்கத் தொடங்கியது. 120 மெகாவாட் மின்சாரம். உலைக்களங்கள் பல தண்ணீருக்கடியில் போய்விட்டன. மேட்டில் மிஞ்சியவற்றின் கசடு மழைக்குக் கரையோரமாகச் சரிந்து வருகிறது. என்னோடு கூடவந்த தோட்டத்துப் பையன், சாதாரணதரம் படிக்கிறவன், குமிழிகள் உறைந்த ஒரு கருப்புக் கட்டியை எடுத்து “எரிமலைக் கல்லா அண்ணே?” என்றான். அவன் வீட்டிலிருந்து பார்த்தால் இந்த மலைத்தோள் தெரியும். மத்தியதரைக் கடலின் லாரியனைத் தேடி ஆண்டுதோறும் மாணவர்கள் போகிறார்கள். தாது கழுவிய மேடைகள் அங்கே காப்பாற்றப்பட்டு நிற்கின்றன. இங்கே தன் ஊர்க் காற்று எஃகு உருக்கியது என்பது பக்கத்து லயத்துப் பிள்ளைக்கே சொல்லப்படவில்லை. பலாங்கொடை வலயத்துத் தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்கள் இதைப் பாடப்புத்தகத்துக்குக் காத்திராமல் சொல்ல வேண்டும். தொல்லியல் திணைக்களம் மிஞ்சிய களங்களுக்கு வேலி போட்டு, சிங்களத்திலும் தமிழிலும் பலகை நாட்ட வேண்டும்.

வாசகர்கள் போக விரும்பினால் ஆடி மாதத்தில் போங்கள். காற்று இல்லாத மாதங்களில் அந்த மலை வெறும் புல்மேடுதான். கசடைக் கையில் எடுத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். எந்த உலையில் எந்தக் காலத்தில் எது உருகியது என்று சொல்வதற்கு, அந்தக் கட்டியும் அது கிடக்கும் இடமும் மட்டும்தான் சான்று.